யாருடைய கடிகாரத்திற்கு ஓடுகிறோம்?

வாசிக்க: 1 இராஜாக்கள் 19:1–13, யாத்திராகமம் 18:13–23



வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் சில மாதங்களாக ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: ‘ஓவர்கிளாக்கிங்’. உங்களில் பெரியவர்கள் பலருக்கு இது புதிய சொல்லாக இருக்கலாம். ஆனால் அதன் பொருளைக் கேட்டுப் புரிந்துகொண்டபோது, இது நம் வீடுகளிலும் நம் சபையிலும் நெடுநாளாக நடந்துவருகிற காரியந்தான் என்று எனக்குப் பட்டது. ஆகையால் இந்த வாரம் சற்றுப் பொறுமையோடு என்னுடன் ஒரு சிறிய இயந்திரத்தின் உள்ளே எட்டிப்பாருங்கள்.

ராஸ்பெர்ரி பை என்பது ஒரே பலகையில் அமைந்த ஒரு முழுக் கணினி. வங்கி அட்டை அளவுதான் இருக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டன் என்பவரும் அவருடைய தோழர்களும், பள்ளிப் பிள்ளைகள் கணினி மொழி கற்க ஏழைக்கும் எட்டும் விலையில் ஒரு பொறி வேண்டும் என்று எண்ணி இதை உருவாக்கினார்கள். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் அந்த நாளில், 35 டாலர் விலையில் இது விற்பனைக்கு வந்தது. பிள்ளைகளுக்கென்று செய்ததைப் பெரியவர்கள் தம் விருப்பத்திற்கு எடுத்துக்கொண்டார்கள்; அப்படி எடுத்துக்கொண்டவர்களில் இசைப்பிரியர்களும் உண்டு. வலைப்பின்னல் வழியாகவோ நினைவு அட்டையிலிருந்தோ பாடல்களை எடுத்து, உயர்தர ஒலியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவியாக இதை அவர்கள் மாற்றினார்கள்.

இப்பொழுது அந்தச் சொல்லுக்கு வருவோம். ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. மணி காட்டும் கடிகாரம் அன்று, தாளம் போடும் கடிகாரம். ஒரு சிறு படிகம் துடிக்கும். அத்துடிப்பைப் பலமடங்காக்கிச் சிப்புக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு தாளத்திற்கும் ஓர் அடி வேலை நடக்கும். முதல் ராஸ்பெர்ரி பையின் சிப்பு நொடிக்கு 70 கோடித் தாளம், அதாவது 700 மெகாஹெர்ட்ஸ், என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நான்காம் தலைமுறைப் பலகை 1500 மெகாஹெர்ட்ஸில் வந்தது. செய்தவர் குறித்த அந்த அளவுக்கு மேலே தாளத்தை ஏற்றி, சிப்பை விரைந்தோடச் செய்வதுதான் ஓவர்கிளாக்கிங். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு எண்ணை 2000 என்று மாற்றி எழுதினால் போதும். ஆனால் அந்த வேகத்தில் சிப்பு தடுமாறும். ஆகவே அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் வெப்பம் இரட்டைப் பங்காய் ஏறும். தாளத்திற்கு ஏற்ப ஏறுவதோடு, மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவும் அது ஏறுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது வெப்பம் அதைவிட வெகுவாகக் கூடிவிடும்.

செய்தவர்கள் இதை முற்றிலும் தடுத்துவிடவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. 2012 செப்டம்பரிலேயே, 700-ஐ 1000 வரைக்கும் உயர்த்திக்கொள்ள அவர்களே வழி செய்து கொடுத்தார்கள். அதனால் உத்தரவாதம் போய்விடாது என்றும் சொன்னார்கள். ஒரே ஒரு ஏற்பாடு வைத்தார்கள்: சிப்பின் சூடு 85 பாகை செல்சியஸை எட்டினால் கூட்டிய வேகம் தானாகவே விலக்கிக்கொள்ளப்படும். பிற்காலத்துப் பலகைகளில் 80 பாகையிலேயே படிப்படியாகக் குறைப்பு தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் அக்கினி நட்சத்திர நாட்களில் அறையே 38, 39 பாகையில் இருக்கும்போது, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிற சிப்பு 80-ஐத் தொட வெகுநேரம் ஆகாது. அப்பொழுது 2000 என்று எழுதி வைத்தவன் 2000 கிடைக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பான். பலகையோ ஓசையின்றித் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

சரி, பாட்டுக் கேட்பதற்கு இவ்வளவு வேகம் தேவையா? இதை நான் ஆர்வத்தோடே விசாரித்தேன். குறுந்தகட்டில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு அளவும் 16 பிட். ‘ஹை ரெசல்யூஷன்’ என்பவை அதற்கு மேல் போகும்: நொடிக்கு 96,000, அல்லது 1,92,000 முறை, 24 பிட் வீதம். இரு காதுகளுக்கும் கணக்கிட்டால் இந்தக் கடைசி வகைக்கு நொடிக்கு ஏறத்தாழ 92 இலட்சம் பிட் வருகிறது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அந்தச் சிறு சிப்புக்கு இது கையில் எடுத்து மறுகையில் வைக்கிற வேலை. ஃப்ளாக் என்னும் சுருக்கக் கோப்பை விரித்துப் பாடும்போது அது பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஒலியின் வகையையே மாற்றி மிக உயர்ந்த அளவுக்குத் திரும்பக் கணக்கிடுவது, அறையின் எதிரொலியைச் சரிசெய்வது போன்ற கனத்த வேலைகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அது மூச்சுவாங்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கூட்டிய வேகத்தால் பயன் உண்டு. வெறுமனே பாட்டுக் கேட்பவருக்கு இல்லை.

இதற்கும் மேலே, அந்த மிகுதி நம் காதுக்குக் கேட்கிறதா என்பது வேறொரு கேள்வி. 44,100 முறை அளந்தாலே 22,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை எழுதிவிடலாம். இளம் பிள்ளையின் காதே 20,000-உடன் நின்றுவிடும். ஐம்பதைக் கடந்த என் காதின் எல்லை அதற்கு வெகுவாய்க் கீழே இறங்கிவிட்டது. 2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர், உயர்தரப் பதிவையும் அதையே குறுந்தகட்டுத் தரத்திற்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்து, 554 சோதனைகள் நடத்தி வெளியிட்டார்கள். சரியாகச் சொன்னவர்களின் விகிதம், காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் வருகிற விகிதமாகவே இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில், பயிற்சி பெற்ற காதுகள் சற்றே கூடுதலாகக் கண்டுபிடிப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இந்த வழக்கைத் தீர்ப்பது போதகரின் வேலை அல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லத் துணிகிறேன்: சூடேறிய சிப்பைக் குளிர்விக்க ஒரு விசிறி வைக்கிறார்களே, அது இரைகிறது. மிக மெல்லிய ஒலியையும் பிடிக்க வேண்டும் என்று தொடங்கின முயற்சி, அந்த மெல்லிய ஒலியை மூடுகிற இரைச்சலைத் தானே அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இதைக் கேட்டு நான் சிரித்தேன். சொல்லிக்கொண்டிருந்த தம்பியும் சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் அடுத்துச் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. “ஐயா, ஒலிக்கு வேகம் முக்கியமில்லை. தாளம் சீராக விழுகிறதா என்பதுதான் முக்கியம்” என்றார்.

விளக்கம் இது. எண்களாக இருக்கிற ஒலியை மின்னலையாக மாற்றுவதற்கு ‘டாக்’ என்றொரு சிறு பலகையை ராஸ்பெர்ரி பையின் மேல் பொருத்துவார்கள். ஒவ்வொரு எண்ணும் அதனதன் நொடித்துளியில் வந்து விழவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் அலையின் வடிவம் கோணும். பழைய பலகைகளில் இருந்த படிகம் 19.2 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து 44,100-இன் மடங்கை வகுத்தெடுக்க முயன்றால் முழு எண் வருவதில்லை. ஆகவே பலகை என்ன செய்கிறது? சில துடிப்புகளைச் சற்று நீட்டுகிறது, சிலவற்றைச் சற்றுக் குறுக்குகிறது, மொத்தத்தில் கணக்கை நேர் செய்துவிடுகிறது. சராசரி பார்த்தால் பிழையில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் துடிப்பும் தன் இடத்தில் இல்லை.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். வாரம் முழுவதும் பிள்ளையின் முகம் பாராமல் உழைத்து, ஞாயிறு மாலை கடற்கரைக்கு அழைத்துப்போய்க் கணக்கை நேர் செய்கிற தகப்பன்மார் நம்மில் எத்தனை பேர்? ஆறு நாள் ஜெபமின்றி ஓடி, உபவாச ஜெபத்தன்று மூன்று மணி நேரம் முழங்காலில் நின்று சராசரியைச் சரிசெய்கிறவர்கள் எத்தனை பேர்? கணக்கு நேராகிவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த செவ்வாய்க்கிழமை இரவு அதனதன் இடத்தில் விழவில்லையே!

இதற்கு நல்ல டாக் பலகைகளைச் செய்கிறவர்கள் கண்ட தீர்வு அழகானது. பலகையிலேயே இரண்டு தனிக் கடிகாரங்களை வைத்துவிடுகிறார்கள். ஒன்று 22.5792 மெகாஹெர்ட்ஸ், இது 44,100-இன் சரியாக 512 மடங்கு. மற்றொன்று 24.576, இது 48,000-இன் 512 மடங்கு. மீதியில்லாமல் வகுபடும். அதன்பின் தாளம் போடுகிற உரிமை கணினியிடம் இல்லை. டாக் பலகை எஜமான்; அந்தப் புத்திசாலிக் கணினி அதற்கு வேலைக்காரன். பொறியாளர்களே அப்படித்தான் பெயரிட்டிருக்கிறார்கள். இப்பொழுது கணினி 600-இல் ஓடினாலும் 2000-இல் ஓடினாலும் பாட்டின் தாளம் மாறாது, ஏனென்றால் அது தன் சொந்தக் கடிகாரத்திற்கு ஓடுவதை விட்டுவிட்டது. 31-ஆம் சங்கீதத்தில் தாவீது, எதிரிகள் தன்னைச் சுற்றி வளைத்திருக்கிற வேளையில், தன் காலங்கள் யாருடைய கையில் இருக்கின்றன என்று அறிக்கை செய்கிறானே, அதை இந்தக் கடிகாரங்களை நினைத்துக்கொண்டே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவதை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடே எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

நம் சபையில் ஒரு சகோதரர். அமெரிக்க நேரத்திற்கு வீட்டிலிருந்தே வேலை. முடியும்போது விடியற்காலம் இரண்டரை மணி. அவருடைய தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், பீரோவிலிருந்து ஒரு 90 நிமிடக் கேசட் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் காலத்துக் குடும்ப ஜெபத்தில், யாரோ விளையாட்டாகப் பதிவு செய்தது. தகப்பனார் வேதம் வாசிக்கிறார், ஜெபம் பண்ணுகிறார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இவர் அதை 1,92,000 வீதத்தில், 24 பிட்டில் கணினிக்கு ஏற்றினார். பிறகு இரைச்சல் நீக்குவதற்கு ஒன்று, அளவை இன்னும் உயர்த்திக் கணக்கிடுவதற்கு ஒன்று என்று அந்தச் சிறு பலகையின் மேல் வேலைக்குமேல் வேலையை அடுக்கினார். அது திணறியது. வேகத்தை ஏற்றினார். சூடானது. செம்பு வில்லை ஒட்டினார், விசிறி வைத்தார், மறுபடியும் ஏற்றினார். வேலை முடிந்த இரண்டரை மணிக்குமேல் விடியும் வரைக்கும் இதே வேலை. எட்டு மாதம்.

நான் அவருடைய வீட்டுக்குப் போனது அவருடைய தாயார் கேட்டுக்கொண்டதனால். “ஐயா, என்கூட உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு கேளுங்க” என்றார்கள் அந்த அம்மா.

கேசட் என்பது ஒரு நாடாவின் மேல் தூவிய இரும்புத் துகள். நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட ஓடாது. சாதாரணக் கருவியில், ஒரு மூலையில் வைத்த ஒலிவாங்கியில், அந்த நாடா எழுதிக்கொண்டது அன்றைக்கு எவ்வளவோ, அவ்வளவுதான் இன்றைக்கும் இருக்கிறது. அதற்கு மேல் எத்தனை முறை அளந்தாலும், நாடாவின் ‘உஸ்’ என்ற இரைச்சலைத்தான் மேலும் துல்லியமாக அளக்கிறோம். இது அந்தச் சகோதரருக்குத் தெரியாததல்ல. என்னைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். துக்கத்திற்குப் பொறியியல் தெரியாது. நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ள என்ன இருக்கிறது? தகப்பனுடைய சத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை.

அன்று நான் கேட்டது ஒன்றுதான். சரிசெய்த ஒலி இருக்கட்டும். முதன்முதலில் ஏற்றிய, கைபடாத பதிவு இருக்கிறதா என்றேன். அவருடைய கைப்பேசியில் இருந்தது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியிலேயே போட்டார். இரைச்சல். எங்கோ ஒரு பாத்திரம் உருளும் சத்தம். ஒரு செருமல். அடுக்களையில் நின்ற அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்கள். “உங்கப்பாதான்யா! ஜெபம் பண்ணுமுன்னே இப்படித்தான் செருமுவாங்க” என்றார்கள். இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. வெறும் செருமலிலே ஆளைக் கண்டுகொண்டார்கள்.

யோவான் சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தில் மகதலேனா மரியாள் கல்லறையருகே நிற்கிறாள். ஆண்டவரைக் கண்ணால் காண்கிறாள். தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். முழு உருவமும் எதிரே நின்றும் போதவில்லை. அவளுடைய பெயரை அவர் ஒருமுறை அழைத்தார். ஒரே சொல். அதில் அறிந்துகொண்டாள். மனிதக் குரல் என்பது அப்படிப்பட்டது. பழைய தொலைபேசிக் கம்பிகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு குறுகிய கீற்றை மட்டுமே கடத்தின. அந்தக் கீற்றுக்குள்ளேயே நம் தாய்மார் வெளியூரிலிருந்த பிள்ளைகளின் ‘அம்மா’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு, அவன் சாப்பிட்டானா இல்லையா என்று கண்டுபிடித்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தார்; எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877-இல்தான் வந்தது. சாஸ்திரியாரின் குரலை நம்மில் எவரும் எந்தத் தரத்திலும் கேட்டதில்லை. அவருடைய கீர்த்தனைகளை நாம் பாடாத ஞாயிறு எத்தனை?

இப்பொழுது வேதபாகத்திற்கு வருவோம். 1 இராஜாக்கள் 19-இல் எலியாவுக்கு நடந்ததை நாம் பெரும்பாலும் ஓரேப் மலையிலிருந்துதான் தொடங்குகிறோம்: பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அதன்பின் வந்த மெல்லிய ஒலி. அதற்கு முன்னே உள்ள எட்டு வசனங்களை விட்டுவிடுகிறோம். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கின மனிதன், ஆகாபின் இரதத்திற்கு முன்னே யெஸ்ரயேல் மட்டும் ஓடின மனிதன், யேசபேலின் ஒரு செய்திக்குப் பயந்து வனாந்தரத்திற்குள் ஒரு நாள் பிரயாணம் போய், ஒரு செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறான். அவனுக்கு ஊக்கம் குறைந்துவிட்டது என்று நாம் சொல்வோம். தேவன் அப்படிச் சொல்லவில்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினான். சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. உண்டான். மறுபடியும் தூங்கினான். அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பி இன்னும் உண்ணச் சொன்னதற்குத் தூதன் காட்டிய காரணம், பிரயாணம் அவனுடைய பெலத்திற்கு மிஞ்சினது என்பதே. ஊழியக்காரனின் பெலத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று வானத்திலிருந்தே ஒப்புக்கொள்கிற வார்த்தை அது. பிரசங்கம் செய்ய அது நல்ல வசனம். நாமோ அதைத் தாண்டி மலைக்கு ஓடிவிடுகிறோம்.

ராஸ்பெர்ரி பை பலகைக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். மெலிந்த கம்பி, மலிவான சார்ஜர் என்று ஏதாவது காரணத்தால் அது 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், திரையின் மூலையில் ஒரு சின்ன மின்னல் குறி தோன்றும். வேகத்தைக் கூட்டினவர்கள் அடிக்கடி காண்பது இந்த மின்னலைத்தான். பசித்திருக்கிறேன் என்று பலகை சொல்கிற விதம் அது. புதியவர்கள் பலர் அதைக் கண்டு, அமைப்புக் கோப்பைத் திறந்து அந்தக் குறியையே மறைத்துவிடுகிறார்களாம்! அதற்கும் ஒரு வரி உண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பலகையிடம் ஒரு சிறு கட்டளையால், “நீ தடுமாறுகிறாயா?” என்று கேட்கலாம். அது இரண்டு விதமாய்ப் பதில் சொல்கிறது. இந்த நொடியில் மின்சாரம் குறைந்திருக்கிறதா, சூட்டால் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. கடைசியாக விழித்தெழுந்ததிலிருந்து இதுவரைக்கும் எப்பொழுதாவது அப்படி நேர்ந்ததா என்பது மற்றொன்று. இப்பொழுது எல்லாம் சரியாய் இருந்தாலும், நேற்று மத்தியானம் தடுமாறியது இன்றும் அதில் எழுதியிருக்கும். ஆராதனை முடிந்து வாசலில் நின்று “எப்படி இருக்கிறீர்கள்?” என்று நான் கேட்கும்போது நீங்கள் எல்லோரும் “ஆண்டவருடைய கிருபையால் நல்லா இருக்கிறேன் ஐயா” என்கிறீர்கள். அது முதல் கேள்விக்கான பதில். இரண்டாம் கேள்வியை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள நாம் பழகவேண்டும். உங்கள் வீட்டில் இருப்பவர்களிடத்திலிருந்து தொடங்குங்கள்.

மலைக்கு வருகிறேன். அங்கே வந்த ஒலியைக் குறிக்கும் எபிரேயச் சொற்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஒன்று ‘தெமாமா’: அடங்கிய அமைதி. மற்றொன்று ‘தக்கா’: மெலிந்தது, நுண்ணியது, பொடியாக்கப்பட்டது. பார்வோனின் கனவில் வந்த மெலிந்த பசுக்களுக்கும் இந்தச் சொல்தான். வனாந்தரத்தில் விடியற்காலையில் தரையின்மேல் உறைபனிபோல் கிடந்த மன்னாவுக்கும் இந்தச் சொல்தான். ஆகவே எலியா கேட்டது செழுமையான ஒலியன்று, மெலிந்த ஒலி. அதைக் கேட்பதற்கு அவனுக்குக் கூடுதல் காது கொடுக்கப்படவில்லை. இரண்டு தூக்கமும் இரண்டு சாப்பாடும் கொடுக்கப்பட்டன.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒரு காரியம் மட்டும். ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிப்புகளில் ஒன்று 2000-ஐத் தாங்கும். மற்றொன்று 1800-லேயே உறைந்து நின்றுவிடும். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுமே 1500-க்கு என்று செய்யப்பட்டவை, அதை இரண்டும் நிறைவாய்ச் செய்கின்றன. தாங்காததைத் தாங்கச் சொன்னால் அது உடனே நின்றுவிட்டால்கூட நல்லது. நிற்காமல், உள்ளுக்குள்ளே தவறாகக் கணக்கிட்டு, நினைவு அட்டையில் எழுதியிருப்பதை மெல்லக் கெடுத்துக்கொண்டே ஓடுவதுதான் ஆபத்து. வெளியே பாட்டு பாடிக்கொண்டே இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை உடைய பெற்றோரே, “அக்காவைப் பார், பக்கத்து வீட்டுப் பையனைப் பார்” என்று சொல்லுமுன் இதை நினைவுகூருங்கள். இந்த ஆண்டு என்னிடத்தில் ஜெபத்திற்கு வந்த மாணவரில் மூன்று பேர் தூக்கமில்லை என்று அழுதார்கள். மதிப்பெண் மூவருக்கும் நன்றாகவே வந்திருந்தது.

முதல் ராஸ்பெர்ரி பை மெதுவாக இருக்கிறது என்ற குறைக்கு, செய்தவர்கள் 2015-இல் கொடுத்த பதில் என்ன தெரியுமா? இரண்டாம் தலைமுறையின் தாளம் 900-தான். பழைய டர்போ வேகத்தைவிடவும் குறைவு. ஆனால் ஒரு மூளை இருந்த இடத்தில் நான்கு வைத்தார்கள். மீதியானின் ஆசாரியனாகிய எத்திரோ தன் மருமகனாகிய மோசேக்குச் சொன்ன ஆலோசனையும் இதுவே. காலைமுதல் மாலைவரை ஒரே மனிதன் உட்கார்ந்து எல்லா வழக்கையும் தீர்க்கிறதைக் கண்ட அந்த மாமனார், “இன்னும் விரைவாகத் தீர்” என்றா சொன்னார்? ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கும் பத்துக்கும் ஒவ்வொருவர் என்று பகிர்ந்துகொடுக்கச் சொன்னார். நம் சபையில் ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், ஆலயச் சுத்திகரிப்பு, அசன நாளின் சமையல் ஆகிய நான்கிலும் அதே ஐந்து சகோதரிகளின் பெயர்தான் இருக்கிறது. அவர்கள் முறையிட்டதில்லை. முறையிடமாட்டார்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஆலய வாசலில் ஒரு மேசையும் ஒரு பேரேடும் இருக்கும். புதிய பெயர்களுக்காக மட்டும். ஏற்கெனவே இரண்டு பொறுப்பில் இருப்பவர்கள் அதில் கையெழுத்திடவேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஆண்களுக்கு அப்படியொரு தடையும் இல்லை, சமையலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆலயத்தின் ஒலிப்பெட்டி அறைக்கும் இப்படி ஒரு சிறு பலகையை வாங்கலாமா என்று வாலிபர்கள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். குருசேகரக் குழு சம்மதித்தால் வாங்கலாம். செய்தவர் குறித்த வேகத்திலேயே ஓடட்டும், விசிறி வேண்டாம். பின்வரிசையில் உட்காருகிற நம் முதியோருக்கு என் பிரசங்கம் காதில் விழுவதில்லை என்பதுதான் முதலாவது சரிசெய்யப்படவேண்டியது. அதற்கு வேண்டியது வெறும் ஓர் ஒலிபெருக்கி.

ஜெபம்: பரலோகப் பிதாவே, இன்றிரவு மற்றவர்கள் தூங்கும்போது கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும். அவர்கள் வரும்வரைக்கும் சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கிற தாய்மாரை நினைத்தருளும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தூக்கத்தைத் தாரும். கேள்வி மங்கிவருகிற எங்கள் முதியோருக்கு உம்முடைய சத்தம் மங்காதிருக்கட்டும். பிரிந்துபோனவர்களின் குரலுக்காக ஏங்குகிறவர்களின் அருகில் இரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.